'பாக்ஸ் போச்சு' என்று சொல்வதற்கு முன்னால் பத்து நிமிடம்

மே மாதத்து விடியற்காலை. பண்ருட்டிக்குக் கிழக்கே ஒரு தோப்பிலிருந்து அறுபது பலாப்பழங்களை ஏற்றிக்கொண்டு, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரத்துக்குப் புறப்பட்டது அந்தப் பழைய பிக்கப் வண்டி. ஓட்டியவர் தோப்புக்காரர். பக்கத்தில் அவர் மனைவி. புவனகிரி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும் இடத்தில், முன்னால் நின்ற பேருந்துக்காக நிறுத்திவிட்டு மறுபடி முதல் கியர் போட்டால், விழவில்லை. 'கர்ர்ர்' என்று பல் உரசுகிற சத்தம்தான் வந்தது. ரிவர்ஸும் விழவில்லை. பின்னால் ஹாரன் சத்தம். ஏறுகிற வெயிலில் பழுத்த பலா வாசனை.

இந்தத் தொல்லை அன்றைக்குப் புதிதல்ல. இரண்டு வாரமாகவே கியர் மக்கர் செய்துகொண்டிருந்தது. ஊர்ப்பக்கம் ஒரு பட்டறையில் காட்டியபோது, அங்கிருந்தவர் வண்டியில் ஏறி, கியர் ராடை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். "பாக்ஸ் போச்சுங்க. இறக்கித்தான் ஆகணும். முப்பது, நாப்பது ஆயிரம் ஆகும்" என்றார். பலா சீசன் பாதியில் நிற்கிறது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். வேறு வழி தெரியாமல், அந்த அம்மா கழுத்துச் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைப்பதென்று முடிவாகியிருந்தது. "இந்த ஒரு லோடை இறக்கிட்டு வந்து வண்டிய விட்டுடலாம்" என்றுதான் அன்று கிளம்பியிருந்தார்கள்.

பாலத்தடி டீக்கடைக்காரர் ஆள் அனுப்பி ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அறுபதைத் தாண்டியவர். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டச் சொன்னார். ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை. "அண்ணே, இன்ஜினை நிறுத்திடுங்க. நிறுத்தின வண்டியில ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ரிவர்ஸ்னு போட்டுக் காட்டுங்க" என்றார். எல்லாமே வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தன. இன்ஜினை ஓடவிட்டுப் போடச் சொன்னார். உரசல். "இப்ப கிளட்சை நாலு தரம் சடசடன்னு மிதிச்சிட்டு, மிதிச்ச காலை எடுக்காம போடுங்க." முதல் கியர் விழுந்தது.

மெக்கானிக் குனிந்து, கியர் பெட்டியின் பக்கவாட்டில் கிளட்ச் நெம்புகோலைத் தள்ளுகிற சின்ன சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தார். அதன் ரப்பர் உறையை விலக்கியதும் விரலில் ஈரம். பிரேக் ஆயில் கசிவு. "பாக்ஸுக்கு ஒண்ணும் ஆகலண்ணே. உள்ள இருக்குற ரப்பர் வாஷர் கிழிஞ்சிருக்கு" என்றார். சிதம்பரத்துக்கு ஆள் போய் ரப்பர் செட்டு வாங்கி வந்து, மாட்டி, காற்று எடுத்து முடிக்க இரண்டு மணி நேரம். பொருளும் கூலியும் சேர்த்து ஆயிரத்தைத் தொடவில்லை. பழம் பத்து மணிக்குள் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

இலை மஞ்சளானால் எல்லாம் யூரியா இல்லை

நெல் மஞ்சளாக நின்றால் உடனே ஒரு மூட்டை யூரியா வாங்கப் போகிறவர்கள் உண்டு. அடி இலை மஞ்சளா, குருத்து இலை மஞ்சளா என்று குனிந்து பார்த்தால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். தழைச்சத்துக் குறை முதலில் அடி இலையில் தெரியும். இரும்புச்சத்துக் குறை குருத்தில் தெரியும். பார்க்காமல் போட்ட உரம் காசுக்கும் கேடு, பயிருக்கும் கேடு. கியர் விழாத வண்டியும் அப்படித்தான். கியர் ராடில் தெரிகிற கோளாறு கியர் பெட்டியில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இன்ஜின் சுற்றுகிற வேகத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற வழியில் முதலில் நிற்பது கிளட்ச். அதற்குப் பின்னால்தான் கியர் பெட்டி, ஜாயின்ட் ராடு, கிரவுன். பெடலை மிதித்தால் இன்ஜினுக்கும் பெட்டிக்கும் உள்ள தொடர்பு முழுதாக அறுபட வேண்டும். அறுபடாமல் பிளேட் கொஞ்சமாவது இழுத்துக்கொண்டே இருந்தால், பெட்டிக்குள் பல்சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுகிற பல்லில் நிற்கிற பல்லைப் பொருத்தச் சொன்னால் உரசத்தான் செய்யும். குற்றம் கிளட்சுடையது, பழி பெட்டிமேல்.

பெரியவர் பாலத்தடியில் செய்தது இதைப் பிரித்தறிகிற வேலைதான். வண்டி வைத்திருக்கிற யாரும் வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம். சமதரை வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ ஆளோ, மாடோ, பிள்ளைகளோ நிற்கக் கூடாது.

இன்ஜினை நிறுத்தி எல்லாக் கியரையும் போட்டுப் பார்ப்பது முதல் வேலை. ஒரு கியர் விழவில்லை என்றால் உடனே முடிவு கட்ட வேண்டாம். பல்லும் பல்லும் முட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். வண்டியை ஒரு சாண் நகர்த்திவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். நிறுத்தின நிலையில் எல்லாம் சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் விழாவிட்டால் சந்தேகம் கிளட்ச் பக்கம். நிறுத்தின நிலையிலும் ராடு கல்லாக நின்றால், ராடுக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கிற புஷ், கேபிள், இணைப்புகள், அல்லது பெட்டியின் உட்புறம். அப்போதும் வெளியே இருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தேய்ந்துபோன ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷுக்காகப் பெட்டியை இறக்கிய கதைகள் உண்டு.

அடுத்தது ரிவர்ஸ் சோதனை. இன்ஜின் மெதுவாக ஓடட்டும். கிளட்சை முழுவதும் மிதித்து, ஒன்று முதல் ஐந்து வரை எண்ணி, அதற்குப் பிறகு ரிவர்ஸ் போடுங்கள். கிளட்ச் சரியாக விடுபட்டிருந்தால் அந்த ஐந்து எண்ணிக்கைக்குள் உள்சக்கரம் ஓய்ந்துவிடும், கியர் சத்தமில்லாமல் விழும். எண்ணி முடித்த பிறகும் உரசினால், மிதித்த பிறகும் பிளேட் சுற்றுகிறது என்று பொருள்.

மூன்றாவது, நாலு தரம் மிதித்துப் பார்ப்பது. ஆயிலில் இயங்குகிற கிளட்சுக்குத்தான் இது பொருந்தும். அடுத்தடுத்து மிதித்ததும் கியர் விழுந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது மேல் சிலிண்டரோ கீழ் சிலிண்டரோ கசிகிறது. பெடல் பஞ்சுபோல இறங்குவதும் இதன் அடையாளம். கேபிள் வண்டியில் எத்தனை மிதித்தாலும் மாற்றம் இருக்காது. அங்கே கேபிளின் இழைகள் ஒன்றிரண்டு அறுந்திருக்கிறதா, நீண்டுவிட்டதா, பெடலில் சும்மா இறங்குகிற இடைவெளி அதிகமாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். கையால் பெடலை அழுத்தினால் கனம் தெரிகிறதற்கு முன் பெரும்பாலும் ஒரு விரற்கடை, ஒன்றரை விரற்கடை சும்மா இறங்கும். சரியான அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அதுவே முடிவு.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். டப்பாவில் கிளட்ச் ஆயில் குறைந்தால், கைக்குக் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர்கள் ஊதிப்போகும், ஒரு சிலிண்டரோடு நிற்காமல் எல்லாம் கெடும். அங்கே ஊற்ற வேண்டியது பிரேக் ஆயில் மட்டும், அதுவும் மூடியில் எழுதியிருக்கிற ரகம்.

வழுக்குகிற கிளட்ச் வேறு

விடுபடாத கிளட்ச் ஒரு நோய் என்றால், பிடிக்காத கிளட்ச் அதற்கு நேர் எதிர். ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் இரைகிறது, வண்டி அந்த வேகத்துக்கு நகரவில்லை. கடலூர் கேப்பர் மலை ஏற்றத்தில் லோடோடு ஏறும்போது இது முதலில் தெரியும். கருகிய வாசனையும் வரும். இதைச் சோதிக்க, ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, கால் பிரேக்கையும் மிதித்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விடவும். இன்ஜின் திணறி நின்றுவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒருமுறை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கிற பிளேட்டும் போய்விடும்.

வழுக்கினால் உடனே பிளேட் மாற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் பெடலில் சும்மா இறங்குகிற இடைவெளியே இல்லாமல் கேபிளை இறுக்கி வைத்திருந்தாலும் வழுக்கும். இன்ஜின் பின் ஆயில் சீல் கசிந்து பிளேட் நனைந்தாலும் வழுக்கும். சீலைப் பார்க்காமல் புது பிளேட் போட்டால், அடுத்த சீசனுக்குள் அதுவும் நனைந்து நிற்கும். பெட்டியை இறக்கும் கூலி இரண்டு முறை.

பிளேட் சீக்கிரம் தேய்வதற்கு ஓட்டுகிறவர் காலும் ஒரு காரணம், பாரமும் ஒரு காரணம். 2005-ல் வந்த குட்டி யானை, 700 சி.சி. அளவுள்ள இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினோடு, முக்கால் டன் பாரத்தை எண்ணிச் செய்த வண்டி. பதினைந்து கிலோ சராசரி என்று வைத்தாலும் ஐம்பது பலாப்பழத்துக்கே முக்கால் டன் ஆகிவிடும். பண்ருட்டிப் பலாவில் இருபது, முப்பது கிலோ பழங்களும் சாதாரணம். எண்பது பழத்தை ஏற்றி, போக்குவரத்து நெரிசலில் பாதிக் கிளட்சிலேயே நகர்த்திக்கொண்டு போனால் பிளேட் என்ன செய்யும்? நெல் மூட்டைக்கும் இதே கணக்குதான். நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போகிற நாற்பது கிலோ மூட்டை பதினெட்டு ஏற்றினால் 720 கிலோ. இருபத்தைந்து ஏற்றினால் ஒரு டன். ஒரு நடை மிச்சம் என்று தோன்றும். அந்த மிச்சத்தைக் கிளட்ச் பிளேட் வாங்கிக்கொள்ளும்.

பெட்டி தானாகச் சொல்கிற சேதி

மேலே சொன்ன சோதனையிலெல்லாம் கிளட்ச் தேறிவிட்டது, ஆனாலும் தொல்லை இருக்கிறது என்றால் அப்போதுதான் பெட்டியைச் சந்தேகப்பட வேண்டும். பெட்டியின் கோளாறு பெரும்பாலும் எல்லாக் கியரிலும் ஒரே மாதிரி தெரியாது. ஒரு கியர் மட்டும் முரண்டு பிடிக்கும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது மட்டும் உரசுகிறது, மற்றதெல்லாம் சரி என்றால், இரண்டாவது கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. சுற்றுகிற இரண்டு சக்கரங்களின் வேகத்தைப் பல் சேருவதற்கு முன் ஒன்றாக்குகிற பித்தளை வளையம் அது. மேட்டில் ஏறும்போதோ, இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விடும்போதோ கியர் தானாக நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டால், பல் முனை, ஃபோர்க், அல்லது ராடைப் பிடித்து நிறுத்துகிற ஸ்பிரிங், குண்டு தேய்ந்திருக்கலாம். பெட்டியைத் தாங்குகிற ரப்பர் மவுண்டிங் தளர்ந்தாலும் இப்படித் தள்ளும். மவுண்டிங்கை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

சத்தமும் பேசும். நியூட்ரலில் வண்டி நிற்கும்போது ஒரு இரைச்சல், கிளட்சை மிதித்ததும் நின்றுவிடுகிறது என்றால், பெட்டிக்குள் நுழைகிற ஷாஃப்ட்டின் பேரிங். மிதிக்கும்போதுதான் சத்தமே வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். இதற்குப் பெட்டியை இறக்கினாலும், பெட்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. இறக்குவது வேறு, பிரிப்பது வேறு. பில்லில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்.

கியர் ஆயிலை யாரும் பார்ப்பதில்லை. இன்ஜின் ஆயிலுக்குக் குச்சி இருக்கிறது, தினமும் உருவிப் பார்க்கிறார்கள். கியர் பெட்டிக்குப் பெரும்பாலும் குச்சி இல்லை, பக்கவாட்டில் ஒரு நட்டுதான். வண்டி சமமாக நிற்கும்போது அதைக் கழற்றினால் துளையின் அடிவிளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். கொஞ்சம் எடுத்து வெள்ளைத்துணியில் விட்டுப் பாருங்கள். கருத்திருந்தால் வயதானது, மாற்றலாம். அடி நட்டின் காந்தத்தில் மை போல நைசான இரும்புப் பசை ஒட்டியிருப்பது தேய்மானத்தில் சகஜம். ஊசி மாதிரி, பல் துண்டு மாதிரி விரலில் தட்டுப்பட்டால் மேற்கொண்டு ஓட்டக் கூடாது.

மாற்றும்போது ரகம் முக்கியம். கடையில் '80 டபிள்யூ 90' என்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அதே எண்ணில் ஜி.எல்-4, ஜி.எல்-5 என்று இரண்டு தரம் உண்டு. ஜி.எல்-5 கிரவுனுக்கு ஏற்றது. அதில் சேர்க்கிற கந்தகச் சேர்மானங்களில் சில, பித்தளை சிங்க்ரோ ரிங்குகளை அரிக்கும். 'பெரிய நம்பர், நல்ல ஆயில்' என்று நினைத்துப் பெட்டியில் ஊற்றி ரிங்கைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். புத்தகம் எதைச் சொல்கிறதோ அது.

வெள்ளத்தில் நின்ற வண்டி

கடலூர் மாவட்டத்தில் வண்டி வைத்திருக்கிறவர்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று இந்த மண் அடிக்கடி தண்ணீரில் நிற்கிறது. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் கடலுக்குப் போகிற வழி இதுதான். வீட்டு வாசலில் இரண்டடித் தண்ணீரில் இரண்டு நாள் நின்ற வண்டி, தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்டால் தப்பித்துவிட்டோம் என்று நினைக்கிறோம்.

கியர் பெட்டியிலும் கிரவுனிலும் சூட்டுக்காற்று வெளியேற ஒரு சிறிய மூச்சுக் குழாய் இருக்கும். தண்ணீர் அதற்கு மேல் ஏறினால் உள்ளே போகும். ஓடிச் சூடான பெட்டி சட்டென்று தண்ணீரில் நின்றால், உள்காற்று குளிர்ந்து சுருங்கி, தண்ணீரைத் தானே உறிஞ்சும். தண்ணீர் கலந்த கியர் ஆயில் பால் விட்ட டீ நிறத்துக்கு மாறிவிடும். அந்த ஆயிலில் ஓட்டினால் பேரிங்குகளில் துரு பிடிக்கும். தெரிவதற்கு நாலைந்து மாதம் ஆகும், அதற்குள் வெள்ளத்தை மறந்திருப்போம். ஆகவே சக்கரத்தின் நடு அச்சுக்கு மேல் தண்ணீர் ஏறி நின்ற வண்டியில், ஓட்டுவதற்கு முன்பே பெட்டி, கிரவுன் இரண்டின் ஆயிலையும் இறக்கிப் பாருங்கள். பால் நிறம் இருந்தால் புதிது ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு முறை ஆயில் விலை வலிக்கும்தான். பேரிங் செட்டின் விலையைக் கேட்டால் அந்த வலி போய்விடும்.

பரங்கிப்பேட்டை, கிள்ளை, கடலூர் துறைமுகப் பக்கம் மீன் லோடு ஓட்டுகிறவர்களுக்கு உப்பு இன்னொரு எதிரி. ஐஸ் தண்ணீரும் உப்பும் சொட்டிச் சொட்டிக் கிளட்ச் கேபிள் உறைக்குள் துரு ஏறும், கிளட்ச் நெம்புகோல் இறுகும். வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுகிறவர்கள் வண்டியில் கேபிள் நீண்ட நாள் வருகிறது.

வெள்ளத்தில் நின்ற வண்டிகள் சில மாதம் கழித்து வேறு மாவட்டச் சந்தைக்கு மலிவாக வந்துவிடும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டையும் டயரையும் பார்ப்பதோடு நிற்காமல், கியர் ஆயில் நட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தயங்கினால் விலை பேச வேண்டியதில்லை. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். எஃப்.சி. முடிந்த வண்டி என்பதாலேயே கியர் பெட்டி நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கிளட்ச் பெடலே இல்லாத வண்டி

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்குத் தானாகக் கியர் மாறுகிற பிக்கப் புதிதல்ல. இந்தியாவிலும் இசுஸு, டொயோட்டா பிக்கப்களில் ஆட்டோமேட்டிக் கிடைக்கிறது. நம் ஊரில் இவை இன்னும் சொற்பம். பழசானவை கைமாறி வரத் தொடங்கும்போது, ஊர்ப் பட்டறையில் அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாத பெட்டி இது.

இங்கே கிளட்ச் பிளேட்டின் வேலையை ஆயில் அழுத்தம் செய்கிறது. அதனால் சோதனையும் ஆயிலில்தான் தொடங்க வேண்டும். 'டி' போட்ட பிறகு வண்டி இரண்டு மூன்று நொடி யோசித்து நகர்கிறதா, கியர் மாறும் இடத்தில் இன்ஜின் மட்டும் இரைந்துவிட்டு அப்புறம் பிடிக்கிறதா, 'டக்' என்று உதைத்து மாறுகிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தாமதமும் இரைச்சலும் ஆயில் குறைவுக்கும் தேய்மானத்துக்கும் அடையாளம். ஆயில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். கருகிப் பழுப்பாகி, வாசனை வந்தால் உள் பிளேட்டுகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன. அளவைப் பெரும்பாலான மாடல்களில் பெட்டி சூடாகி, இன்ஜின் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். முறை மாடலுக்கு மாடல் மாறும். குறைவும் தப்பு, அதிகமும் தப்பு. அதிகமானால் நுரைத்து அழுத்தம் விழும்.

ஒரே கியரில் மாட்டிக்கொண்டு, விளக்கும் எரிந்தால், வண்டியின் கம்ப்யூட்டர் தன்னைக் காத்துக்கொள்ள அப்படிச் செய்கிறது. ஸ்கேனர் போட்டுப் பிழை எண்ணைப் படிக்காமல் எதையும் கழற்றக் கூடாது. பல நேரம் குற்றவாளி, எலி கடித்த ஒயரோ, தண்ணீர் புகுந்த கனெக்டரோ, தளர்ந்த கியர் கேபிளோதான். இன்னும் ஒன்று, இந்த வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. இன்ஜின் ஓடினால்தான் பெட்டிக்குள் ஆயில் பம்பு ஓடும். நின்ற இன்ஜினோடு சக்கரம் உருண்டால் ஆயில் இல்லாமல் உள்ளே தேயும். ஓட்டுகிற சக்கரம் தரையில் படாமல் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் அறுவடைக்கு வருகிற செயின் போட்ட இயந்திரங்களிலும் கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றுவதில்லை. ஒரு நெம்புகோலை முன்னே தள்ளினால் வேகம் கூடுகிறது. அமைப்பு வேறென்றாலும் அங்கேயும் ஆயில் அழுத்தம்தான் நடத்துகிறது. காலையில் நன்றாக ஓடி, மதியம் சூடேறியதும் சேற்றில் இழுக்கத் திணறினால், ஹைட்ராலிக் ஆயில் அளவு, ஃபில்டர், வைக்கோல் தூசி அடைத்த ரேடியேட்டர், இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிறவருக்கு இது கேட்க வேண்டிய கேள்வி. மீட்டர் ஓடுகிறது, இயந்திரம் ஊர்ந்தால் நஷ்டம் வயல்காரருக்கு.

வாசகர் கேள்வி

*குறிஞ்சிப்பாடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "டிராக்டரை நாலு மாதம் கொட்டகையில் நிறுத்தியிருந்தோம். மழைக்காலம். இப்போது இன்ஜின் நன்றாக ஓடுகிறது. கிளட்சை அடிவரை மிதித்தாலும் எந்தக் கியரும் விழவில்லை. பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். நிறுத்தும் வரை நன்றாக இருந்த பெட்டி நிறுத்தி வைத்ததில் எப்படிக் கெடும்?"*

உங்கள் சந்தேகம் நியாயமானது. பெட்டி கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. ஈரக்காற்றில் கிளட்ச் பிளேட்டும் ஃப்ளைவீலும் துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும். இன்ஜினை நிறுத்திக் கியர் போட்டுப் பாருங்கள். எல்லாம் விழுந்தால் இது உறுதி. முதலில் நியூட்ரலில் இருபது நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றுங்கள். நிறுத்திவிட்டு, கிளட்ச் பெடலை முழுவதும் அமுக்கி, ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து இரவு முழுவதும் அப்படியே வையுங்கள். பல நேரம் காலையில் விட்டிருக்கும். விடவில்லை என்றால் மெக்கானிக்கை அழையுங்கள். கியரில் போட்டு ஸ்டார்ட் செய்து உதறிவிடுகிற வித்தையைக் கொட்டகைக்குள் யாரும் முயல வேண்டாம், சுவரோடு ஆள் நசுங்கிய சம்பவங்கள் உண்டு. அடுத்த முறை மாதக்கணக்கில் நிறுத்தும்போது, தொடக்கத்திலேயே பெடலுக்கு மரக்கட்டை கொடுத்து அமுக்கி வையுங்கள். பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒட்டாது.

மறுபடியும் அந்த பிக்கப்

வெள்ளாற்றுப் பாலத்தடியில் சரியான வண்டி, முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ரப்பர் மாற்றிய பிறகு பெரியவர் தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். முதல் கியர், ரிவர்ஸ் எல்லாம் சரி. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் லேசான உரசல். "அண்ணே, ரெண்டு வாரமா கிளட்ச் விடாத வண்டியில ராடை அழுத்தி அழுத்திப் போட்டிருக்கீங்க. ரெண்டாவது ரிங்கு கொஞ்சம் தின்னுருக்கு" என்றார். தோப்புக்காரர் முகம் மாறியது. "அப்ப பாக்ஸை இறக்கணுமா?"

"இப்ப வேணாம். ரெண்டுக்கு வர்றப்ப வேகத்தைக் குறைச்சிட்டு, ஒரு நொடி நியூட்ரல்ல நிறுத்திப் போடுங்க. சீசன் ஓடட்டும். ஆடி பொறந்து வேலை குறையறப்ப கொண்டாங்க, அந்த ரிங்கை மட்டும் பார்ப்போம். அதுவரைக்கும் நாப்பதாயிரம்னு எவன் சொன்னாலும், இன்ஜினை நிறுத்திட்டு கியர் போட்டுக் காட்டச் சொல்லுங்க."

அந்த அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை எண்ணிக் கூலி கொடுத்தார். பழத்தில் ஒன்றை இறக்கி வைத்துவிட்டுப் போங்கள் என்றார் டீக்கடைக்காரர். இரண்டு இறக்கினார்கள்.